அலர்ஜி டாக்டரைப் பார்க்க இன்னும் 9 நாள்: எதைக் கொண்டுபோவது, எதை நிறுத்துவது?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு வந்து முதல் முறையாக ஓர் அலர்ஜி மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்கள். இன்னும் 9 நாள் இருக்கிறது. என்னென்ன கொண்டுபோக வேண்டும், தினமும் ராத்திரி போடும் மாத்திரையை நிறுத்த வேண்டுமா? ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை படித்தபோது, அடியில் மூன்றாவதாக ஒன்றும் இருப்பது தெரிந்தது. 3 வருடமாகக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல். 8 மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் உடம்பில் தடிப்பு. ஒரு லேபில் 90 உணவுகளுக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்து, சிவப்பு மையில் வந்த 11 உணவுகளை 5 மாதமாக ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, கத்திரிக்காய் எல்லாம் அதில் அடக்கம். தும்மலும் நிற்கவில்லை, தடிப்பும் நிற்கவில்லை. இந்த டாக்டராவது "இதனால்தான்" என்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவாரா, இல்லை, ஒதுக்க வேண்டிய பட்டியல் இன்னும் நீளுமா? நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் நெஞ்சக நோய் மருத்துவம் படித்தவன். அப்புறம் அலர்ஜிக்குத் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு 17 வருடமாக அதைப் பார்த்துவருகிறேன். நம் நாட்டில் "அலர்ஜி டாக்டர்" என்று போர்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் வந்திருப்பார்கள்: நுரையீரல், காது மூக்கு தொண்டை, தோல், குழந்தைகள் நலம் என்று ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து. அதனால் நீங்கள் பார்க்கப்போகிறவரின் அடிப்படைப் படிப்பு எது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மூக்கும் மூச்சும் சம்பந்தப்பட்டதை நான் தைரியமாகச் சொல்வேன். தடிப்பில் ஒரு தோல் மருத்துவர் பார்த்த அளவு நான் பார்த்ததில்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நோயாளிகள் பெரும்பாலும் பரிசோதனைக்காக வருகிறார்கள். நாங்கள் கதைக்காக உட்கார்ந்திருக்கிறோம். எது, எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்கிற கதை சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊசி முனையும் ரத்தப் பரிசோதனையும் அந்தக் கதையில் எழுந்த சந்தேகத்தைச் சரிபார்க்கத்தான். ஒருவர் சில ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் உதடு வீங்குகிறது என்று வந்தார். ஞாயிறு என்றால் கறி. ஆகவே ஆட்டுக்கறி அலர்ஜி என்று வீட்டில் முடிவு செய்து அதை நிறுத்தியிருந்தார்கள். கையில் தடிமனான ஃபைல். அதில் ஒன்றுமில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயிறு காலைல வாலிபால் ஆடுவேன் சார், சாயங்காலம் முட்டி வலிக்கும்" என்றார். வலிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுவாராம். டைக்ளோஃபெனாக். உதடு வீங்கியது அதனால்தான். அது அவருக்கு மருந்தாகவே தோன்றவில்லை, அதனால் எந்தச் சீட்டிலும் இல்லை.

ஆகவே இந்த 9 நாளில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒரு 40 பக்க நோட்டில் உங்கள் கதையை எழுதுவதுதான். மூக்குக்கு ஒரு பக்கம், தோலுக்கு ஒரு பக்கம், இரண்டையும் கலக்காதீர்கள். மூக்குப் பக்கத்தில், தும்மல் படுக்கையிலேயே தொடங்குகிறதா, பல் தேய்க்கும்போதா, வாசல் தெளிக்கப் போகும்போதா என்று எழுதுங்கள். மெத்தையில் படுத்தால் அதிகமா, பாயில் படுத்தால் குறைகிறதா? அம்மா வீட்டுக்கோ வெளியூருக்கோ போய் நாலு நாள் தங்கினால் நிற்கிறதா? பரணிலிருந்து பழைய துணியை இறக்கினால், ஒட்டடை அடித்தால் என்ன ஆகிறது? கண் அரிக்கிறதா, மேலண்ணம் அரிக்கிறதா? ராத்திரி இருமல், படி ஏறினால் இளைப்பு, நெஞ்சில் விசில் சத்தம் உண்டா? உங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கடைசிக் கேள்வி முக்கியம். மூக்குக்காக வந்தவர்களிடம் கவனிக்காமல் விடப்பட்ட ஆஸ்துமாவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், மிளகாய் தாளிக்கும் நெடி, இவற்றுக்குத் தும்மினால் அதையும் குறியுங்கள், ஆனால் தனியாக. அது பெரும்பாலும் எரிச்சல். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கு புகையைத் தாங்காமல் தும்முகிறது. மிளகாய்க்கு அலர்ஜி என்று பொருளில்லை.

தோல் பக்கத்துக்கு எழுத்தைவிடப் படம் உதவும். மருத்துவரைப் பார்க்கும் நாளில் தடிப்பு வராது. வண்டி மெக்கானிக்கிடம் போனதும் சத்தம் நின்றுவிடுகிற மாதிரிதான். வரும்போதே போனில் எடுத்துவிடுங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. ஃப்ளாஷ் போட்டால் மேடும் மறைந்துவிடும். ஜன்னலோரம் நின்று பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் தடிப்பின் விளிம்பு நிழலோடு தெரியும். இன்னொன்று செய்யுங்கள்: ஒரு தடிப்பைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், வட்டத்துக்குள் இருந்தது தடம் தெரியாமல் மறைந்து வேறிடத்தில் கிளம்பினால் அது நம்மூரில் காணாக்கடி என்கிற வகை. அதே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, வலித்து, கன்றிய தழும்பு விட்டுப் போனால் கதை வேறு. அப்போது தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஒரு பேனா வட்டம் பல ஆயிரம் ரூபாய் டெஸ்ட்டை மிச்சப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பாவாடை நாடா இறுக்கும் இடம், வாட்ச் பட்டை, தோள்பை வார் அழுத்தும் இடம் ஆகியவற்றில் வருகிறதா என்றும் பாருங்கள். வியர்த்தால், குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் வருகிறதா? மாதவிலக்கு வலிக்கு மெஃபெனமிக் ஆசிட் மாதிரி மாத்திரை போட்ட நாளா? வலி மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும். இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். 6 வாரத்துக்கு மேல் இப்படி வந்துபோகும் தடிப்பை நாங்கள் நாள்பட்ட வகை என்போம். உங்களுக்கு 8 மாதம். இந்த வகையில் பெரும்பாலானோருக்கு வெளியிலிருந்து வரும் காரணம் எதுவும் இருப்பதில்லை. சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். பலருக்கு உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தோலில் இருக்கும் மாஸ்ட் செல்களை, அதாவது அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் பொருள்களை வைத்திருக்கும் செல்களை, தூண்டிவிடுகிறது. அதாவது, தும்மலுக்கு ஒரு காரணப் பெயர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு; தடிப்புக்குக் கிடைக்காமல் போகலாம். இரண்டும் ஒரே ஆளுக்கு வந்ததாலேயே ஒரே காரணம் என்றில்லை. காரணம் தெரியாவிட்டாலும் அதைக் கட்டுக்குள் வைக்க மருந்து இருக்கிறது. சாதாரண அளவு மாத்திரை போதாவிட்டால், மருத்துவர் மேற்பார்வையில் அதையே 4 மடங்கு வரை கூட்டலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நீங்களாகக் கூட்டாதீர்கள்.

அந்த 90 உணவு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் ஐ.ஜி.இ. என்று இருக்கிறதா, ஐ.ஜி.ஜி. என்று இருக்கிறதா? இரண்டும் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள்; அலர்ஜியோடு சம்பந்தப்பட்டது ஐ.ஜி.இ. கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஐ.ஜி.ஜி. என்பது, ஓர் உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம். தினம் பால் குடிப்பவருக்குப் பாலில் அதிகமாகவே காட்டும். உணவு அலர்ஜியைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவ அமைப்பு 2008-இலும் கனடாவின் அமைப்பு 2012-இலும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. உங்களுடையது இந்த வகை என்றால் அந்த 11 உணவில் எதையும் நான் குற்றவாளியாகச் சந்தேகப்பட மாட்டேன். ஐ.ஜி.இ. என்றால் கொஞ்சம் மதிக்கலாம்; ஆனால் அதுவும் "இந்தப் பொருளை உடம்பு அடையாளம் கண்டிருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. போன வருடம் வரை நீங்கள் நிலக்கடலைச் சட்னி தொட்டு இட்லி சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், ரிப்போர்ட்டை நம்புவதா, உங்கள் வயிற்றை நம்புவதா? நான் வயிற்றைத்தான் நம்புவேன். மொத்த ஐ.ஜி.இ. 640 என்று பயந்திருக்கிறீர்கள். அந்த எண் குடற்புழு இருந்தாலும் ஏறும், எக்சிமா என்ற தோல் அழற்சி இருந்தாலும் ஏறும், சாதாரண மூக்கு அலர்ஜியிலும் ஏறும். எதற்கு அலர்ஜி என்று அது சொல்லாது.

நிஜமான உணவு அலர்ஜி கொஞ்சம் வெளிப்படையான குணம் கொண்டது. சாப்பிட்ட சில நிமிடத்தில், பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். அடுத்த முறை சாப்பிட்டாலும் காட்டும். "திங்கள்கிழமை முட்டை சாப்பிட்டேன், புதன்கிழமை தடித்தது" என்பது அந்தக் கணக்கில் வராது. மீன் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஐஸ் சரியாக இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை, அயிலை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு விடுவிக்கும் அதே பொருள். கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டவர் முகம் சிவந்து தடித்துப்போவார். அச்சு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். பந்தியில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் வந்திருந்தால் மீனைச் சந்தேகப்படுங்கள், உங்கள் உடம்பை அல்ல. கத்திரிக்காய் பற்றி உறுதியாகப் பேச முடியாது. "கத்திரிக்காய் அரிக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். மைசூர்ப் பக்கத்தில் ஆராய்ந்தவர்கள் உண்மையான கத்திரிக்காய் அலர்ஜி உள்ளவர்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் வாயும் நாக்கும் லேசாக அரிப்பது ஒன்று, 8 மாதம் தடிப்பது வேறொன்று. உங்கள் தடிப்புக்கு அதைக் குற்றவாளியாக்க நான் தயங்குவேன்.

சரி, மாத்திரை. நீங்கள் "மான்டெலுகாஸ்ட் மாத்திரை மட்டும்தான் போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நம் நாட்டில் அதிகம் விற்பது மான்டெலுகாஸ்ட்டுடன் லெவோசெட்ரிசினோ ஃபெக்சோஃபெனடினோ சேர்ந்த கூட்டு மாத்திரை. அலர்ஜிப் பொருள்களைச் சொட்டு வைத்து ஊசி முனையால் குத்தி, எது தடிக்கிறது என்று பார்ப்பதுதான் தோல் பரிசோதனை. மான்டெலுகாஸ்ட் அதைக் கெடுக்காது. கூட இருப்பது கெடுக்கும். செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்சோஃபெனடின், லோரடடின், ஹைட்ராக்சிசின் என்று ஹிஸ்டமினைத் தடுக்கும் வகையறாக்களைப் பரிசோதனைக்கு 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது என் வழக்கம். 5 நாள் போதும் என்பவர்களும் உண்டு. ஆகவே நாளைக்கே அந்த கிளினிக்குக்கு போன் செய்து, முதல் நாளே ஸ்கின் டெஸ்ட் செய்வார்களா, எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாம் முறை வரும்போதுதான் செய்வோம் என்று சொல்லிவிட்டால், இப்போதைக்கு நிறுத்தவே வேண்டாம். வீணாகத் தடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பலரும் கோட்டை விடுவது சளி மருந்தில். பஸ் பிடித்து தொலைவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினோம்; ஒன்றுகூடத் தடிக்கவில்லை. கட்டாயம் தடித்தே ஆக வேண்டிய ஹிஸ்டமின் சொட்டுகூடப் பேசாமல் இருந்தது. முதல் நாள் ராத்திரி இருமலுக்கு ஒரு மூடி சிரப் குடித்ததாக அப்புறம் சொன்னார். அதில் குளோர்பெனிரமின் இருந்தது, அதுவும் ஹிஸ்டமினைத் தடுக்கும் வகைதான். பெட்டிக்கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே சரக்குதான். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயையும் பாருங்கள்: ஃப்ளூடிகசோன் மட்டும் என்றால் தொடரலாம், அசெலாஸ்டின் சேர்ந்திருந்தால் அதையும் நிறுத்தச் சொல்வார்கள். முன்கையில் ஸ்டீராய்டு களிம்பு பூசிவந்தால் அந்த இடத்துத் தோல் சில வாரம் மந்தமாக இருக்கும், மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்களாக நிறுத்தக் கூடாதவையும் உண்டு. இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். அது தோல் பரிசோதனைக்கு இடைஞ்சல் இல்லை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்வதாக இருந்தால் மட்டும், அன்று காலை இன்ஹேலரை எத்தனை மணி நேரம் தள்ளிப்போட வேண்டும் என்று அதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினால் அடித்துக்கொண்டுதான் வர வேண்டும், டெஸ்ட் இன்னொரு நாள் நடக்கும். தலைவலிக்கோ தூக்கத்துக்கோ தரும் அமிட்ரிப்டிலின் பரிசோதனையைக் கெடுக்கும், ஆனால் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது. ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனோலால் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். பரிசோதனையின்போது அபூர்வமாக ஏதாவது ஆகி அட்ரினலின் போட வேண்டிவந்தால், அந்த மருந்து அதை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுபவர்களுக்கு அரிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் வீங்குவது தெரிந்த கதை. உங்கள் மாமியார் மாதிரி வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் அவர்களையும் கேளுங்கள்.

இடையில் ஒன்று. தடிப்போடு சேர்ந்து குரல் கம்மினாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, திடீர் வாந்தியோ தலைச்சுற்றலோ வந்தாலோ 9 நாள் கணக்கை விட்டுவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. அங்கே தர வேண்டிய முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. தடிப்பு மாத்திரை அதற்கு மாற்றல்ல. உங்களுக்கு முன்பு எப்போதாவது இப்படி ஆகியிருந்தால், மாத்திரையை நிறுத்துவது பற்றி நான் மேலே எழுதியதை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தாமலே பார்க்கக்கூடிய ரத்தப் பரிசோதனை, குறிப்பிட்ட பொருளுக்கான ஐ.ஜி.இ., இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. பழைய ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள், நோட்டு, போனில் படங்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது. நாட்டு மருந்தோ சூரணமோ சாப்பிட்டால் பொட்டலத்தையும் எடுத்து வாருங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் அதிகம். சில பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதனால் கேட்கிறோம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது எப்போதாவது சொல்லியிருந்தால், என்ன மருந்து, எத்தனை நிமிடத்தில், என்ன ஆனது என்பதை எழுதுங்கள். பென்சிலின் அலர்ஜி என்று பட்டம் வாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முறையாகச் சோதித்தால் அது இருப்பதில்லை. சின்ன வயதில் ஒட்டிய பட்டம் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டே வருகிறது.

அன்று காலை நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிறு தேவையில்லை. முன்கையில் எண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம். மருதாணியும் வேண்டாம், கல்யாண வீட்டிலிருந்து முழங்கை வரை சிவக்க வந்தவரிடம் எதைத் தடிப்பு என்று பார்ப்பது? சொட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் சின்ன ஊசி முனையால் மேல்தோலை லேசாகக் கிள்ளுவார்கள். ரத்தம் வராது. 15 முதல் 20 நிமிடம் சொறியாமல் கையை நீட்டி உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். வெறும் உப்புநீர்ச் சொட்டு தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் சொட்டு தடிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றவற்றைப் படிக்கலாம். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக எழும்பினால் பாசிட்டிவ். கர்ப்பம் என்றாலோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றாலோ தள்ளிப்போடுவார்கள். இந்த முறைக்கு வயது அதிகம்: மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர், தன் தும்மலுக்குக் காரணம் தேடி, தன் கையையே கீறி மகரந்தத்தை வைத்துப் பார்த்து 1873-இல் எழுதினார். அலர்ஜி என்ற சொல்லே அதற்கப்புறம் 1906-இல்தான் பிறந்தது.

உங்கள் மூக்கைப் பொறுத்தவரை என் ஊகம் தூசுப்பூச்சி. மெத்தை, தலையணை, பழைய துணியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிர். தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் உங்கள் மாவட்டத்தில் அதற்கு ஈரத்துக்குக் குறைவில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழும்போது தும்மல் என்பதும் பொருந்துகிறது. ஆனால் இது ஊகம்தான், கரப்பான்பூச்சியாகவும் பூஞ்சையாகவும் இருக்கலாம். பாசிட்டிவ் என்று வந்தால், "இது என் தும்மலோடு பொருந்துகிறதா, நான் எழுதிய நோட்டோடு ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள். தூசுப்பூச்சிக்கு பாசிட்டிவாக இருந்தும் ஒரு தும்மல்கூடத் தும்மாதவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும். மெத்தை உறை மட்டும் வாங்கிப் போட்டால் தும்மல் நிற்குமா என்பதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. அலர்ஜிப் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் அலர்ஜி ஊசி அல்லது நாக்கடிச் சொட்டு பற்றிப் பேச்சு வந்தால், அது 3 முதல் 5 வருடச் சமாச்சாரம் என்று தெரிந்து பேசுங்கள். மூக்கு அலர்ஜிக்கு நல்ல பலன் உண்டு. காணாக்கடிக்கு அதனால் பயனில்லை. 20 பொருளை ஒரே பாட்டிலில் கலந்து தருகிறோம், இன்றே பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் நான் வீட்டுக்குப் போய் யோசிப்பேன்.

ஒதுக்கிய 11 உணவுகளை இப்போதே திரும்பத் தொடங்கலாமா என்றால், அந்த மருத்துவரைப் பார்க்கும் வரை பொறுங்கள், 9 நாள்தானே. ஒவ்வோர் உணவின் பக்கத்திலும், நிறுத்துவதற்கு முன் சாப்பிட்டபோது என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள். "ஒன்றும் ஆகவில்லை" என்பதையும் எழுத வேண்டும். எந்த வரிசையில், எதை வீட்டில், எதைத் தன் முன்னால் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று அவர் பிரித்துக் கொடுக்க அது போதும்.

மாத்திரையை நிறுத்திய நாள்களில் தும்மல் கூடினால், கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவலாம். தடிப்புக்கு ஈரத்துணி ஒத்தடமும் கலமைன் லோஷனும் தாங்கவைக்கும். முன்கையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் லோஷன் போடுங்கள். அதையும் மீறி ராத்திரி தூங்க முடியவில்லை என்றால் வீம்பு பிடிக்காமல் மாத்திரையைப் போட்டுவிட்டு, மறுநாள் கிளினிக்குக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். டெஸ்ட் தேதியை மாற்றித் தருவார்கள். ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். நோட்டும் படங்களும் இருந்தால் அன்று பேச நிறைய இருக்கும்.